வெள்ளரிக்காய்த் தோலும் மெழுகு பயமும்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ மறுபடியும் வந்துவிட்டது. ஒருவர் கத்தியால் வெள்ளரிக்காயைச் சுரண்டுகிறார். வெள்ளையாகச் சுருள் சுருளாக ஏதோ வருகிறது, மேலே பூசின மெழுகாம். பின்னணியில் சோக இசை. இது குடலில் போய் ஒட்டிக்கொள்ளுமாம், கேன்சர் வருமாம், பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டுமாம். எங்கள் அத்தை கடமை தவறாமல் அனுப்பிவிட்டார். நான் அமெரிக்காவில் இருப்பதால் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்தது: "உங்க ஊர்ல இதைத்தான் திங்கிறீங்களாமே தம்பி?"

ஆமாம் அத்தை, இதைத்தான் திங்கிறோம். குடலில் ஒட்டாது. ஆனாலும் மெழுகு பூசின வெள்ளரிக்காய் என்றால் நானும் தோலைச் சீவிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். இது என்னடா ரெண்டுங்கெட்டான் பேச்சு என்பவர்கள் மேலே படிக்கலாம்.

முதலில், எதற்குப் பூசுகிறார்கள்? வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர். கொடியில் இருக்கும்போது அதற்கே மெல்லிய இயற்கை மெழுகு உண்டு. பறித்து, மண் போகக் கழுவும்போது அதில் பாதி போய்விடும். இங்கே குளிர்காலத்தில் விற்கிற காய் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வருகிறது. சினலோவா மாநிலத்தில் பறித்து, லாரியில் அரிசோனா எல்லையைத் தாண்டி, கிடங்கு கிடங்காக மாறி, கடைசியில் நம் ஃப்ரிட்ஜுக்கு வருவதற்குள் அது சுருங்கி வதங்கிப் போகும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பூச்சு. கொஞ்சம் பளபளப்பும் கிடைக்கிறது, வியாபாரிக்கு அதுவும் லாபம்.

எல்லா வெள்ளரிக்கும் பூசுவதில்லை. இங்கே கடையில் தடித்து, கரும்பச்சையாக, உடுப்பில்லாமல் குவிந்து கிடக்குமே, அதற்குத்தான் பூச்சு. கையில் எடுத்தாலே தெரியும், விரல் வழுக்கும். நகத்தால் கீறினால் நக இடுக்கில் வெள்ளையாகப் பிசுக்கென்று ஏறும். நீளமான இங்கிலீஷ் வெள்ளரிக்கு மெழுகுக்குப் பதில் இறுக்கமான பிளாஸ்டிக் உறை. குட்டி பெர்ஷியன் வெள்ளரி பையிலோ தட்டிலோ வரும், பெரும்பாலும் பூச்சு கிடையாது. ஊறுகாய் போடுகிற குட்டைக்காய்க்கும் பூசமாட்டார்கள். பூசினால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்காது.

என்ன பூசுகிறார்கள் என்றால் நாலு வகை. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து எடுக்கிற கார்னௌபா மெழுகு. தேன்மெழுகு. ஷெல்லாக், அதாவது நம் அரக்கு. பிறகு பெட்ரோலியத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்த மெழுகு. பெட்ரோலியம் என்றதும் பங்க் வாசலில் காயைக் குளிப்பாட்டுவதாக நினைக்க வேண்டாம். உணவுத் தரத்துக்குச் சுத்திகரித்தது அது. ஒரு ஆப்பிளுக்கு ஒன்றிரண்டு சொட்டு போதும் என்கிறார்கள் ஆப்பிள் வியாபாரத்தில் இருப்பவர்கள். நம் உடம்பு இந்த மெழுகுகளைச் செரிப்பதில்லை, வந்த வழியே போய்விடும். சாக்லேட் மிட்டாயின் மேல் பளபளப்பதும் பல மாத்திரைகளின் மேல்பூச்சும் இதே சங்கதிகள்தான். கேன்சர் ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் ராத்திரி போடுகிற மாத்திரையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

நியாயமாகக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது, ஆனால் அதை வீடியோக்காரர்கள் யாரும் கேட்பதில்லை. மெழுகு தண்ணீரில் கரையாது. அதைப் பால்போலக் கரைத்துத் தெளிக்க மார்ஃபோலின் என்று ஒரு பொருளைச் சிலர் சேர்க்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அதற்கு அனுமதி உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் கிடையாது. 2010இல் சிலியிலிருந்து பிரிட்டனுக்கு வந்த ஆப்பிள்களில் அது இருந்தது தெரிந்து விவகாரமானது. அது நைட்ரைட் என்ற உப்போடு சேர்ந்தால் வேண்டாத ரசாயனம் உருவாகலாம் என்பதுதான் கவலை. பழத்தின் மேல் இருக்கும் அளவுக்கு ஆபத்து குறைவு என்றுதான் பிரிட்டன் அதிகாரிகளே சொன்னார்கள். எனக்கும் அதைவிடப் பெரிய பயமில்லை. ஆனால் ஒரு கண்டத்தில் கூடாது, இன்னொன்றில் கூடும் என்றால், எதைப் பூசியிருக்கிறாய் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அத்தை மதுரையில் வெள்ளரிப்பிஞ்சுக்குத் தோல் சீவ ஆரம்பித்திருக்கிறார். பிஞ்சுக்கு! காலையில் பறித்து, கூடையில் அடுக்கி, பஸ் ஸ்டாண்டில் கீறி மிளகாய்த்தூள் தடவிச் சாயங்காலத்துக்குள் விற்றுத் தீர்க்கிற காய்க்கு எவன் மெழுகு வாங்கிப் பூசுவான்? மெழுகு காசுங்க. அங்கே பார்க்க வேண்டியது, வாடாமல் இருக்க வியாபாரி தெளிக்கிற தண்ணீர் எந்தக் குடத்துத் தண்ணீர் என்பதை.

இங்கேயும் நிஜமான ஆபத்து அந்த வகையில்தான் வந்திருக்கிறது. 2015இல் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலிருந்து வந்த வெள்ளரிக்காயால் அமெரிக்காவில் சால்மோனெல்லா என்ற குடல்நோய்க் கிருமி பரவி 907 பேர் நோயில் விழுந்தார்கள், 6 பேர் இறந்தார்கள். இங்கிலீஷும் இல்லை, பெர்ஷியனும் இல்லை, அந்தத் தடித்த சாதாரணக் காய்தான். 2024இல் ஃப்ளோரிடா காயால் மறுபடியும் 551 பேர். மெழுகு தின்று விழுந்தவர்கள் இல்லை, கிருமி. தோலைச் சீவிவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் பாதி உண்மை. கழுவாத காயில் பீலரை ஓட்டினால், மேலே இருக்கிற கிருமியைப் பிளேடே உள்ளே இழுத்துக்கொண்டு போகும். எங்கள் வீட்டிலேயே "எப்படியும் சீவத்தானே போறோம்" என்று கழுவாமல் சீவுகிற ஆள் உண்டு. பெயர் சொன்னால் சோறு கிடைக்காது.

ஆகவே முதலில் ஓடுகிற குழாயில் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு கூடாது, காய் அதை உறிஞ்சும். வினிகரில் ஊறவைத்தால் மெழுகு கரையும் என்பதும் கதை. வெந்நீரும் அப்படித்தான். கார்னௌபா உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் வெள்ளரிக்காயைப் போட்டால் மெழுகு போகிறதோ இல்லையோ, பச்சடி கூட்டாகிவிடும்.

இன்னொரு கூத்தும் நடந்தது. கலிபோர்னியாவில் ஏபீல் என்று ஒரு கம்பெனி, தாவர எண்ணெயிலிருந்து கிடைக்கும் கொழுப்பை வைத்து மெழுகு மாதிரி ஒரு பூச்சு செய்கிறது. வெள்ளரிக்கு பிளாஸ்டிக் உறையே வேண்டாம் என்று 2021இல் வால்மார்ட்டில் விற்றுப் பார்த்தார்கள். 2023இல் திடீரென்று "ஏபீல் கண்ணைக் குருடாக்கும்" என்று ஓர் ஆவணத்தோடு ஃபார்வர்டு பறந்தது. ஆவணம் உண்மை. ஆனால் அது இங்கிலாந்தில் வேறொரு கம்பெனி அதே பெயரில் விற்கிற தரை துடைக்கும் திரவத்தின் பாதுகாப்புக் குறிப்பு! பெயர் ஒற்றுமை ஒன்றே போதும், உலகமே நம்பிவிடும். பில் கேட்ஸ் அறக்கட்டளை ஆரம்பத்தில் அந்தக் கம்பெனிக்குப் பணம் கொடுத்திருந்தது வேறு, வதந்திக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா.

சரி, பயமில்லை என்றால் ஏன் சீவுகிறாய்? வாய்க்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பூசின தோல் தடிமனாகவும் ரப்பராகவும் இருக்கிறது, பல்லில் மாட்டுகிறது. மெழுகுக்கு அடியில் மாட்டிக்கொண்ட அழுக்கும் பூச்சிமருந்தும் கழுவினாலும் முழுசாக வராது என்பதும் ஒரு காரணம். நஷ்டமும் இருக்கிறது, நார்ச்சத்தும் வைட்டமின் கே-யும் தோலோடு குப்பைக்குப் போகும். அதனால் பூசாத காய் கிடைத்தால் தோலோடுதான். காம்புப் பக்கத்தை மட்டும் வெட்டி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கசப்பு சேர்வது அங்கேயும் தோலுக்கு அடியிலும்தான். ரொம்பக் கசந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், தேய்த்து நுரை எடுத்துச் சமாளிப்பது எல்லாக் காய்க்கும் செல்லாது.

என் கோபம் மெழுகின் மேல் இல்லை, பெயர்ப்பலகையின் மேல். அமெரிக்கச் சட்டப்படி மெழுகு பூசிய காய் என்றால் கடைக்காரர் அறிவிக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கடையில் காய்கறிப் பகுதியில் தேடினேன், பலகையே காணோம். அங்கே வேலை செய்யும் பையன் நல்லவன், பின்பக்கம் கூட்டிப்போய் அட்டைப் பெட்டியைக் காட்டினான். பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்தது: புத்துணர்வு காக்க, உணவுத் தரத் தாவர, பெட்ரோலிய, தேன்மெழுகு மற்றும்/அல்லது ஷெல்லாக் சார்ந்த மெழுகு பூசப்பட்டது. நாலையும் எழுதி நடுவில் ஒரு "மற்றும்/அல்லது". வீட்டில் சுத்த சைவம், பூச்சியிலிருந்து வரும் அரக்கு ஆகாது என்பவர்கள் இதைப் படித்து என்ன தெரிந்துகொள்வார்கள்? பால், தேன்கூடத் தொடாத வீகன்காரர்களுக்குத் தேன்மெழுகும் ஆகாது.

இந்த ஒரு விஷயத்தில் இந்தியச் சட்டம் தெளிவு. தேன்மெழுகு, கார்னௌபா, ஷெல்லாக் மூன்றுக்கு மட்டுமே அனுமதி, பெட்ரோலிய மெழுகு கிடையாது, என்ன மெழுகு என்று பெயரோடு லேபிளில் போட வேண்டும். தள்ளுவண்டி ஆப்பிளில் அந்த லேபிளை யார் பார்த்தார்கள் என்பது வேறு கதை. இருந்தாலும் ஏட்டிலாவது இருக்கிறது.

கடையின் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். சப்ளையர் அடிக்கடி மாறுவதால் குறிப்பாகச் சொல்ல இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. மறுபடி எழுதியிருக்கிறேன், வாரா வாரம் பெட்டியில் என்ன வருகிறதோ அதைச் சாக்பீஸால் எழுதினால்கூடப் போதும் என்று. இப்போதைக்கு பெர்ஷியன் வெள்ளரிதான் வாங்குகிறோம். விலை கொஞ்சம் கூடத்தான்.