"ஒரு போட்டோ எடுத்துக்கறேன் சார்"

புத்தகக் கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் வருகிற பதில் எனக்கு மனப்பாடம். "குடுத்து வச்சவர் சார் நீங்க, நாள் முழுக்கப் படிச்சுக்கிட்டே இருக்கலாம்." மருந்துக் கடைக்காரரிடம் போய், "நாள் முழுக்க மாத்திரை முழுங்கிக்கிட்டே இருக்கலாம்" என்று யாராவது பொறாமைப்படுகிறார்களா?

நானும் அந்த நினைப்பில்தான் வந்து விழுந்தேன், மறைக்கவில்லை. முதலில் வேறொருவர் கடையில் வேலை. என்ன தெரியும் என்று கேட்டார். நிறையப் படிப்பேன் என்று பெருமையாகச் சொன்னேன். மனிதர் ஒன்றும் பேசாமல் ஒரு கட்டரைக் கையில் கொடுத்து, பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டினார். ஒவ்வொன்றும் பதினைந்து, இருபது கிலோ. பெட்டியைப் பிரி, பில்லோடு சரிபார், அட்டை மடங்கியதைத் தனியாக வை, ராக்கில் ஏற்று, விற்காததை இறக்கு, மறுபடி பெட்டியில் கட்டு. அந்த வாரம் முழுக்க நான் படித்தது பில்லும் பார்கோடும் மட்டும்தான். ராத்திரி குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வந்தது. புத்தகத்தின் முதுகைப் பார்த்தே பிழைக்கிறவனுக்குத் தன் முதுகு போய்விடும் என்று யாரும் முன்னாலேயே சொல்லித் தொலைக்கவில்லை.

அப்புறம் சொந்தக் கடை. "விக்கலேன்னா திருப்பிக் குடுத்துடலாமே, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்காத உறவினர் கிடையாது. ஆமாம், 1930களில் வியாபாரம் படுத்தபோது, கடைக்காரர்கள் தைரியமாகச் சரக்கு எடுக்கட்டும் என்று அமெரிக்கப் பதிப்பாளர்கள் பரவலாக்கிய ஏற்பாடு அது. அதன் இன்றைய லட்சணத்தை நான் சொல்கிறேன். கெடு தாண்டக் கூடாது. அட்டையில் கீறல் கூடாது, முதுகில் மடிப்பு கூடாது, நான் ஒட்டிய ஸ்டிக்கரின் பசைகூட இருக்கக் கூடாது. அனுப்புகிற கூலி என் தலையில். அத்தனையும் சரியாக இருந்தால் பணமா வரும்? அடுத்த பில்லில் கழித்துக்கொள்கிறோம் என்று ஒரு தாள் வரும். மின் கட்டணத்துக்கு அந்தத் தாளை நீட்டிப் பார்க்கலாம்.

எனக்குக் கிடைக்கிற கழிவு நூற்றுக்கு முப்பதோ நாற்பதோ. வாடகை, சம்பளம், ஈரத்தில் போனது, ராமபாணப் பூச்சி தின்றது, சட்டைக்குள் நழுவிப் போனது எல்லாம் அதற்குள்தான். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் வயிறு எரிவது வேறு இடத்தில்.

போன மாதம் ஒருவர் வந்தார். "நீல அட்டை சார். ஒரு பொண்ணு திரும்பி நிக்கிற மாதிரி படம். பேரு ஞாபகம் இல்ல." கதையா, கட்டுரையா? தெரியாது. யார் சொல்லிக் கேள்விப்பட்டீர்கள்? ஒரு நண்பர். நண்பர் என்ன வேலை பார்க்கிறார்? கப்பலில். நீங்கள் சிரிக்கலாம், ஆனால் இந்தக் கேள்விதான் என் தொழில். கப்பல், தனிமை, ஒரு பெண், நீலம் என்று தலைக்குள் ராக்கு ராக்காகத் தேடி, இருபது நிமிடத்தில் பிடித்துவிட்டேன். அதுவும் அட்டை இப்போது பச்சை. நீலம் முந்தைய பதிப்பு. ஒரே நாவலுக்குக் கெட்டி அட்டைக்கு ஒரு ஐஎஸ்பிஎன், அதாவது புத்தக அடையாள எண், சாதா அட்டைக்கு ஒன்று, திருத்திய பதிப்புக்கு இன்னொன்று. 2007க்கு முந்தியது என்றால் பதின்மூன்று இலக்கம்கூட இருக்காது, பத்துதான். எந்த எண் எந்தப் பதிப்புக்கு என்று பிடிபட எனக்குப் பல வருடம் ஆனது.

"இதேதான் சார்! எப்படி சார் கண்டுபிடிச்சீங்க!" என்றார். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்வானேன். அடுத்த நொடி போனை எடுத்தார். "ஒரு போட்டோ எடுத்துக்கறேன் சார்." அட்டையை ஒன்று, பார்கோடை ஒன்று. என் மேசையில், என் புத்தகத்தின் மேலேயே போனை வைத்து, என் கண்ணெதிரே ஆர்டர் போட்டார். கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போனதை இப்போதும் பார்க்கிறேன். "நாளைக்கே வந்துரும் சார், விலையும் கம்மி." எனக்கும் சேர்த்துச் சந்தோஷப்படுகிற குரல். போகிற போக்கில் புத்தகத்தை ஏதோ ஒரு ராக்கில் செருகிவிட்டுப் போனார். ராக்கு மாறிப்போன புத்தகம் திருடு போன புத்தகத்துக்குச் சமம், கணினி மட்டும் "ஒன்று இருக்கிறது" என்று சாதித்துக்கொண்டே இருக்கும்.

அந்த இருபது நிமிடத்துக்கு என்ன கூலி? ஜெர்மனியில் புத்தக விற்பனை என்பது மூன்று வருடம் பயிற்சி எடுத்துத் தேர்வு எழுதிச் சேர்கிற தொழில். இங்கே ஆளாளுக்கு "ஆர்வம் இருந்தால் போதும்" என்கிறார்கள். பல் பிடுங்குவதற்கும் ஆர்வம் போதுமா? பிரான்சில் 1981லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், புதுப் புத்தகத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கிடையாது. இணையக் கடைகள் இலவசமாக அனுப்பிக் கெடுக்கிறார்கள் என்று 2014ல் அதற்கும் பூட்டு போட்டார்கள். உடனே இணையக் கடைக்காரர்கள் அனுப்புக் கூலியை ஒரே ஒரு சென்ட், யூரோவில் நூறில் ஒன்று, ஆக்கினார்கள் பாருங்கள், அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் கோபத்திலும் சிரிப்பு வருகிறது.

பத்து நாள் கழித்து அதே ஆள். கையில் பார்சல் கிழித்த புத்தகம். "சார், 176க்கு அப்புறம் நேரா 193 வருது."

வாங்கிப் பார்த்தேன். ஒரு ஃபாரம் முழுசாக விட்டுப்போயிருந்தது. பதினாறு பக்கம், பைண்டிங்கில் நடக்கிற தப்பு.

"மாத்திக் குடுப்பீங்களா?"

"வாங்கின இடத்துல கேளுங்க சார்."

"அங்க பேசறதுக்கு ஆளே இல்லையே சார். நீங்கதான இருக்கீங்க."

என்ன சொல்வது? நான்தானே இருக்கிறேன். என்னிடம் இருந்த பிரதி எங்கே என்று எனக்கே தெரியாது என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றுதான். "எனக்குத் தெரியும் சார், நான்தான வெச்சேன்" என்று நேராகப் போய், தோட்டக்கலை ராக்கிலிருந்து உருவிக்கொண்டு வந்தார். "வாங்க வேணாம், அந்தப் பதினாறு பக்கத்த மட்டும் எடுத்துக்கறேன்." மேசையில் வைத்து, எழுத்து நேராக விழட்டும் என்று நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். படக்கென்று சத்தம் கேட்டது. ஒன்பது படம் எடுத்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

முதுகில் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக ஒரு கோடு. இனி அதைத் திருப்பியும் அனுப்ப முடியாது.