நொய்யலுக்கு நிறம் போச்சு, உப்பு போகலை

நேத்து திருப்பூர்ல நொய்யல் பாலத்து மேல வண்டியை ஓரங்கட்டிட்டு எட்டிப் பார்த்தேன். சாயப்பட்டறைக் கழிவு ஓடுன காலத்துச் சிவப்பும் இல்லை, ஊதாவும் இல்லை, வெறும் சாக்கடை நிறம். பக்கத்துல நின்ன தம்பி "இப்ப ஆறு பரவால்லீங்ணா"ன்னாப்ல. எங்க ஊர்ல சாக்கடை நிறமே முன்னேற்றந்தான்!

ஆனா ஆத்தைக் கொன்னது நிறம் இல்லீங்க, உப்பு. பருத்தித் துணியில சாயம் ஏறணும்னா தொட்டியில உப்புக் கொட்டணும். கருப்பு, நேவி மாதிரி கலருக்கு லிட்டருக்கு 60, 70 கிராம் வரைக்கும் போகும். கடல்தண்ணியிலயே சுமார் 35 கிராம்தான். சாயம் பெரும்பாலும் துணியில தங்கிரும். உப்பு மொத்தமும் கழிவோட வெளியேறிரும். அப்பல்லாம் சுண்ணாம்பு போட்டு நிறத்தைச் சேறாக்கி எடுத்துட்டு, "சுத்திகரிச்சாச்சு"ன்னு ஆத்துல விட்டாங்க. உப்பு அப்படியே போச்சு.

போய் நின்ன இடம் ஓரத்துப்பாளையம். பாசனத்துக்குன்னு 1992-ல திறந்த அணை. சில வருஷத்துலயே, "சாமி, தண்ணி திறந்துடாதீங்க"ன்னு விவசாயிகளே கெஞ்சற நெலமை. அணைக்குக் கீழதான் எங்க அப்பிச்சி (அம்மாவோட அப்பா) தோட்டம். கிணத்துத் தண்ணி பாஞ்சு காஞ்ச வாய்க்கால்ல வெள்ளையாப் பூத்திருக்கும், தொட்டு நாக்குல வெச்சாக் கரிக்கும். தென்னை ஓலை நுனியில இருந்து கருகிட்டே வரும். எவ்வளவு நேரம் கொதிச்சாலும் பருப்பு வேகாது. அமுச்சி (அம்மாவோட அம்மா) அடுப்பைத் திட்டும்.

ஆயக்கட்டு விவசாயிகள்தான் கோர்ட்டுக்குப் போனாங்க. ஒரு சொட்டுக் கழிவும் ஆத்துக்கு வரக்கூடாதுங்கற 2006 ஹைகோர்ட் உத்தரவை 2009-ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணுச்சு. அப்பவும் அசையலை. 2011 ஜனவரியில ஹைகோர்ட் சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொன்ன பிறகுதான் ஊர் முழிச்சுது. நானும் பனியன் கம்பெனிச் சம்பளத்துல வளர்ந்தவன். எங்க லைன் வீட்டுல அந்த வருஷம் எத்தனை குடும்பம் மூட்டை கட்டுச்சுன்னு கண்ணால பார்த்தேன். இருந்தாலும் அந்த உத்தரவு சரிதான்.

இன்னிக்கு ஆர்.ஓ. (உப்பைப் பிரிக்கற வடிகட்டி), ஆவியாக்கின்னு கோடிக்கணக்குல செலவழிச்சு, தண்ணியையும் உப்பையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே விடறாங்க. சும்மா சொல்லக்கூடாது, பெரிய வேலை. பிரிக்க முடியாத கலப்பு உப்புதான் மூட்டை மூட்டையா அடுக்கிக் கிடக்குது, அதுக்கு வழி காணோம். ஊர்ச் சாக்கடையைப் பத்தி யாரும் வாயைத் திறக்கறதில்லை, அதுல நாம எல்லாருமே பங்காளிங்க.

இதுல கரையில கல்லுப் பதிச்சு, விளக்கு நட்டா ஆறு மீண்டுருச்சுன்னு போட்டோ வேற. கரையை விடுங்க. அணைக்குக் கீழ இருக்கற கிணறுகள்ல வருஷா வருஷம், தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கற டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்க, அந்த நம்பரை பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல எழுதுங்க.

அமுச்சிக்கு இப்ப எண்பது தாண்டிருச்சு. கிணத்துல தண்ணி தளும்புது. பருப்பு வேக வெக்க இன்னும் கேன் தண்ணிதான்.