வாசக்கேட்டு செல்போன்ல தொறக்கட்டும், தண்ணிக்கு என்ன வழி?

எங்க கொழுந்தனாரு சிங்கப்பூர்லேருந்து வந்துருக்காரு, தை பொறந்ததும் புது வீடு கட்டுற வேலைய ஆரம்பிக்கணுமாம். போன வாரம் ஒரு கொட்டேஷன் கொண்டாந்து காமிச்சாரு. "அண்ணி, இனிமே வீடுன்னா இப்புடித்தான், கேட்டு செல்போன்லயே தொறக்கும், வாயால சொன்னா லைட்டு எரியும், நான் அங்கேருந்தே நம்ம வாசல பாத்துக்குவேன்"னு ஒரே குஷி. நான் முழுசா படிச்சுட்டு ஒண்ணுதான் கேட்டேன், கரண்டு போச்சுன்னா இதுல எது தம்பி வேலை செய்யும்? இன்வெர்ட்டர் இருக்குன்னாரு. எவ்ளோ நேரம் தாங்கும்? நாலு மணி நேரம்.

எனக்கு சிரிப்பு வந்துருச்சு. பாவம், கஜா புயல் அடிச்சப்ப அவரு இங்க இல்ல.

2018 நவம்பர் 16 விடிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறி அப்புடியே மன்னார்குடி பக்கம் எங்கள வந்து உருட்டுச்சு பாருங்க, மாடில இருந்த பிளாஸ்டிக் டேங்க் பறந்து போயி பக்கத்து வீட்டு வைக்கப்போருல கெடக்கு, தென்னை ஒண்ணு மேல ஒண்ணா சாஞ்சு கெடக்கு, ஈபி போஸ்டெல்லாம் வயல்ல படுத்துருச்சு. எங்க தெருவுக்கு 22 நாள் கரண்டு கெடையாது. கொல்லையில போர் இருக்கு, உள்ள தண்ணி இருக்கு, மோட்டாரும் இருக்கு, ஒரு சொம்பு தண்ணி எடுக்க வழியில்ல. அப்ப கைகுடுத்தது எங்க மாமியார் "அது ஒரு ஓரமா கெடந்துட்டு போவுது, ஒங்கள என்ன பண்ணுது"ன்னு புடுங்கவே விடாம வச்சிருந்த பழைய அடிபம்புதான். தெரு பூரா கொடத்த வச்சுகிட்டு எங்க கொல்லையில நின்னுச்சு. வாஷர் தேஞ்சு போயி ரெண்டு தடவ சைக்கிள் டியூப்ப வெட்டி போட்டு ஓட்டுனோம்.

அதுலேருந்து எனக்கு ஒரே அளவுகோல்தான். பத்து நாள் கரண்டு இல்லன்னாலும் புள்ள குட்டியோட இருக்க முடியுதா, அதுதான் எங்க பக்கத்துக்கு வருங்கால வீடு. மத்ததெல்லாம் கையில காசு மிஞ்சுனா பாத்துக்கலாம்.

சோலார் போடுறாரு, அது நல்ல விஷயம்தான், நானும் அதத்தான் சொல்லிகிட்டு இருக்கேன். 2024ல மத்திய அரசு கொண்டாந்த சூர்யா கர் சோலார் திட்டத்துல 3 கிலோவாட் போட்டா 78,000 ரூபா மானியம், 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 4 யூனிட் வரும், ஒரு குடும்பத்துக்கு தாராளம். ஆனா நெறைய பேருக்கு தெரியாத ஒரு சங்கதி இருக்கு. பேட்டரி இல்லாம ஈபி லைனோட மட்டும் சேத்து போடுறாங்கல்ல ஆன்-கிரிட்டு, அது கரண்டு போனா தானும் நின்னுரும், உச்சி வெயில் கொளுத்துனாலும் ஒரு பல்பு எரியாது. கோளாறு இல்லிங்க, அப்புடித்தான் செஞ்சுருக்காங்க, லைன்ல ஏறி வேல பாக்குற ஆளுக்கு நம்ம வீட்டு கரண்டு போயி ஷாக்கடிச்சுரக்கூடாதுன்னு. அப்ப புயல் நேரத்துல ஒதவணும்னா ஈபி லைன், பேனல், பேட்டரி மூணையும் சேத்து பாத்துக்குற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேணும். எங்க சொந்தக்காரங்க ஒருத்தங்க வீட்டுல இத சொல்லாமயே மாட்டிட்டு போயிட்டாங்க, மொத தடவ கரண்டு போன அன்னிக்குத்தான் அவங்களுக்கே வெளங்குச்சு. ஃபேனையும் கம்மி கரண்டுல ஓடுற பிஎல்டிசி ஃபேனா மாத்திரணும், சாதா ஃபேன் 75 வாட்டு இழுக்குற எடத்துல அது 30 வாட்டு சொச்சத்துல ஓடிரும், அதே பேட்டரி ரெண்டு மடங்கு நேரம் வரும். பேனல் ஸ்டாண்ட தளத்தோட சேத்து நல்லா போல்ட்டு போட்டு முறுக்கணும், இல்லன்னா டேங்க் போன வழிதான் அதுவும்.

அடுத்தது சூடு. சித்திரையில எங்க மாடி ரூமுல ராத்திரி பன்னெண்டு மணிக்கும் சுவத்துல கை வச்சா சுடும். கான்கிரீட்டு பகல்பூரா வெயில குடிச்சுட்டு நாம படுத்தப்பறம் கக்குது. அதுக்கு ஏசி, ஏசிக்கு இன்னும் ரெண்டு பேனல், இது எங்க போயி நிக்கும்? எங்க பெரிய வீட்டுல அந்த காலத்துல நடுவுல வானம் பாத்த மித்தம், தாழ்வாரம், மேல நாட்டு ஓடு, ஃபேனே இல்லாம தூங்குனோம், நெசந்தான். அதுக்காக பழச கொண்டாடவும் மாட்டேன். வருஷா வருஷம் ஓடு மாத்தணும், ஓட்டுக்குள்ள தேளு, அடுப்படியில பகல்லயே இருட்டு, அந்த பொகையில எங்க மாமியார் கண்ணு கெட்டது தனிக்கதை. கஜால ஓடும்தான் பறந்துச்சு. பழய வீட்டுலேருந்து எடுக்க வேண்டியது காத்து உள்ள வந்து மேல வெளியேறுற அந்த வழிய. ஓட்ட அப்புடியே தூக்கி வைக்கணும்னு நான் சொல்லல. நடுவுல சின்னதா ஒரு மித்தம் விட்டு மேல கிரில் போடுங்க, தளத்து மேல தட்டோடு, அதுக்கு மேல வெள்ள கூலிங் பெயிண்ட், மேக்கால சுவர, கேரளாவுல வீடு கட்டுன லாரி பேக்கர் மாதிரி எலிப்பொறி கட்டுல, அதாவது செங்கல்ல குத்தா நிறுத்தி நடுவுல எடம் விட்டு கட்டுனா, உள்ள காத்து நின்னுகிட்டு வெயில தடுக்கும், கல்லும் கொறையும். எங்க கொத்தனாரு இத கேட்டதும் "அதெல்லாம் கேரளாக்காரங்க கட்டுறதும்மா, இந்த களிமண்ணுக்கு தாங்காது"ன்னாரு. களிமண்ணு கோடையில வெடிக்கிறதும் மழையில ஊதுறதும் கடக்காலுக்குள்ள பிரச்சன, சுவத்துக்கு என்னங்க வந்துச்சு? கடக்கால சரியா எறக்குங்கன்னேன். மூஞ்ச திருப்பிகிட்டாரு.

பேஸ்மட்டம் பத்தி தனியாவே ஒரு பதிவு போடலாம். ரோடு போடுற ஒவ்வொரு தடவயும் பழச சொரண்டாம மேலயே கொட்டிட்டு போறாங்க, எங்க வாசப்படி ரெண்டு இப்ப ரோட்டுக்கு கீழ போயிருச்சு. கார்த்திக மழையில தண்ணி மொதல்ல வீட்டுக்குள்ளதான் வருது. அதனால இன்னிக்கு ரோட்டுலேருந்து மூணரை அடிக்கு கொறையாம ஏத்துங்கன்னு சொல்லிட்டேன். மழநீர் சேகரிப்பு 2003லயே கட்டாயமாக்குனாங்க, ஊர்ல பாதி வீட்டுல பைப்பு மட்டும் சுவத்துல தொங்குது.

இவ்ளோ சொல்றதால நான் செல்போனுக்கு எதிரின்னு நெனச்சுராதீங்க. எங்க வீட்டுக்காரரு ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முன கரண்டு வந்தா டார்ச்ச எடுத்துகிட்டு வரப்புல பாம்புக்கு பயந்து நடந்து போயி மோட்டார் போட்டவரு. இப்ப படுத்துகிட்டே ஒரு மிஸ்டு கால், மோட்டார் ஓடுது. அது டெக்னாலஜி, அதுக்கு நான் கையெடுத்து கும்புடுவேன். லைட்ட பேர் சொல்லி கூப்புடுறதுல எனக்கு என்ன மிச்சம், சுவிட்சு கை எட்டுற தூரத்துலதான இருக்கு.

நேத்து ராத்திரி சாப்புடுறப்ப பஞ்சாயத்து முடிஞ்சுது. ஹைப்ரிட்டுக்கு சரின்னுட்டாரு, மித்தத்துக்கு அரமனசா சரின்னுட்டாரு, வாயால சொன்னா எரியுற லைட்ட கொட்டேஷன்லேருந்து அடிச்சுட்டாரு. கேட்டு மோட்டார மட்டும் விட மாட்டேங்குறாரு, அவரு காசு, ஆசைப்படுறாரு, இருக்கட்டும். புது வீட்டுல அடிபம்பு போட மட்டும் யாரும் கெடைக்கல. எங்க பக்கம் மழக்காலத்துல 20 அடிக்குள்ளயே தண்ணி நிக்குது, சாதா பம்பே போதும், ஆனா அந்த வேல தெரிஞ்சவங்க எல்லாம் போர் வண்டிக்கு போயிட்டாங்க. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை சுத்துல அடிபம்பு எறக்குற ஆளு யாராவது இன்னும் இருந்தா சொல்லுங்க, வாஷர் கெடைக்கிற கடையும் சேத்து சொன்னா புண்ணியமா போவும்.