மேற்பார்வை என்பது கையெழுத்து அல்ல: வி.ஏ. மனநல மருத்துவர் வேலையைப் பற்றிக் கொஞ்சம்

அமெரிக்காவில் மனநல மருத்துவ ரெசிடென்சி (மேற்படிப்புப் பயிற்சி) முடித்துவிட்டு, முன்னாள் படைவீரர்களுக்கான வி.ஏ. மருத்துவமனையில் அட்டெண்டிங்காக, அதாவது பொறுப்பு மருத்துவராகச் சேரலாமா என்று யோசிக்கும் தமிழ் டாக்டர்கள் நிறையப் பேர். கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான்: விசா, உரிமம், வழக்கு, சம்பளம். இவற்றுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். ஜே-1 தள்ளுபடிக்கு (பயிற்சிக்கான ஜே-1 விசாவில் வந்தவர்கள் இரண்டு வருடம் நாடு திரும்ப வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு) மத்திய அரசுத் துறை என்ற முறையில் வி.ஏ.வே நேரடியாகப் பரிந்துரைக்க முடியும். ஏதாவது ஒரு மாநிலத்தின் உரிமம் இருந்தால் எந்த மாநில வி.ஏ.விலும் வேலை பார்க்கலாம். சிகிச்சையில் பிழை என்று வழக்கு வந்தால் அது அரசின் மீது, டாக்டரின் மீதல்ல. சம்பளம் தனியார் அளவுக்கு வராது.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. வேலை நேர்காணலில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்: ரெசிடெண்டுகளை (பயிற்சி மருத்துவர்களை) மேற்பார்வை செய்ய வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால், வேலை முழுக்க எப்படி இருக்கும் என்பது அந்த ஒரு மழுப்பலிலேயே தெரிந்துவிடும்.

வெளியில் இருப்பவர்களுக்காக இரண்டு வரி. வி.ஏ. என்பது முன்னாள் படைவீரர்களுக்காக அமெரிக்க மத்திய அரசே நடத்தும் மருத்துவ அமைப்பு. ஏறத்தாழ 170 மருத்துவமனைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட புறநோயாளர் கிளினிக்குகள், பதிவு செய்தவர்கள் சுமார் 90 லட்சம் பேர். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களைப் பார்க்க டாக்டர்கள் போதவில்லை. 1946 ஜனவரியில், ஜெனரல் ஓமர் பிராட்லி தலைமையில் இருந்த வி.ஏ. மருத்துவக் கல்லூரிகளோடு கைகோத்தது. பயிற்சி மருத்துவர்களும் பேராசிரியர்களும் வி.ஏ. வார்டுக்கு வந்தார்கள். அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. ஆகவே பல வி.ஏ. மனநலக் கிளினிக்குகளில் நோயாளிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் இரண்டாம், மூன்றாம் ஆண்டு ரெசிடெண்ட். பொறுப்பு மட்டும் பக்கத்து அறையில் இருப்பவருடையது.

அந்தப் பொறுப்பை எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு வி.ஏ. விதி தெளிவாகவே இருக்கிறது. அட்டெண்டிங் தானே தனிக் குறிப்பு எழுதலாம், ரெசிடெண்டின் குறிப்புக்குக் கீழே பின்சேர்க்கை எழுதலாம், வெறும் இணைக் கையெழுத்துப் போடலாம், இல்லையென்றால் ரெசிடெண்டே ‘இன்னாரோடு கலந்து பேசினேன், அவரும் ஒப்புக்கொண்டார்’ என்று எழுதலாம். எல்லா இடத்துக்கும் எல்லாமும் செல்லாது. வார்டில் புதிதாகச் சேர்ந்தவரை அட்டெண்டிங் நேரில் பார்த்து, மறுநாள் முடிவதற்குள் தன் குறிப்பையோ பின்சேர்க்கையையோ பதிய வேண்டும். மறுநாள் ஞாயிறு என்றாலும் அப்படித்தான். புறநோயாளர் பிரிவில் புதிதாக வந்தவரை நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது அவரைப் பற்றிக் கலந்து பேசியிருக்க வேண்டும். வழக்கமான தொடர் வருகைக்கு இணைக் கையெழுத்தே போதும்.

சிக்கல் தொடங்குவது அந்தக் கடைசி இடத்தில். மாலை நாலரைக்குத் திரையில் வரிசையாகப் பதினைந்து குறிப்புகள் நிற்கும். ஒவ்வொன்றிலும் முந்தைய வருகையின் குறிப்பு அப்படியே ஒட்டப்பட்டிருக்கும், ‘தற்கொலை எண்ணம் இல்லை’ என்ற வரி உட்பட. கீழே போய்க் கையெழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. விதிப்படி மேற்பார்வை நடந்தாகிவிட்டது. மருத்துவம் நடந்ததா என்பது வேறு கேள்வி.

அதனால் படிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். கடைசிப் பத்தியான சிகிச்சைத் திட்டத்தில் தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். திட்டத்தில் என்ன மாறியிருக்கிறது, அந்த மாற்றத்துக்கான காரணம் மேலே எங்கே இருக்கிறது என்று தேடினால், ஒட்டுவேலை தானாகவே வெளிப்பட்டுவிடும். திட்டம் மாறாமல் நோயாளியின் நிலை மட்டும் மாறியிருந்தால் ரெசிடெண்டைக் கூப்பிடுங்கள். பின்சேர்க்கையில் ‘பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. ‘குளோனாசிபாமைக் குறைக்கும் வேகத்தைப் பாதியாக்கச் சொன்னேன், வயது 76, மார்ச்சில் ஒருமுறை கீழே விழுந்திருக்கிறார்’ என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு வழி தெரியும்.

சி.பி.ஆர்.எஸ். என்ற வி.ஏ.வின் கணினிப் பதிவேட்டையும் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலை முடியாது. பார்க்க விண்டோஸ் 95 காலத்துப் பொருள் மாதிரி இருக்கும். ஆனாலும் வேகமானது, நாடு முழுக்க இருக்கும் வி.ஏ. பதிவுகளையும் இழுத்துக் காட்டும். (இதற்கு மாற்றாக 2020 அக்டோபரில் ஸ்போகேனில் ஆரம்பித்த புதிய மென்பொருளில், டாக்டர்கள் போட்ட ஆர்டர்களில் ஆயிரக்கணக்கானவை யாருடைய கண்ணிலும் படாத ஒரு வரிசையில் போய் விழுந்தன. 2023 ஏப்ரலில் விரிவாக்கத்தை நிறுத்தி வைத்தார்கள். பழையதைத் திட்டுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.) சி.பி.ஆர்.எஸ்.ஸில் மேற்பார்வையாளரைக் கவிழ்க்கும் இடங்கள் இரண்டு. ரெசிடெண்ட் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடாத குறிப்பு மற்றவர்கள் கண்ணில் படாது. இரவில் அவசரப் பிரிவில் அதே நோயாளியைப் பார்ப்பவருக்கு, பகலில் அவர் வந்துபோனதன் விவரம் எதுவும் தெரியாது. இரண்டாவது, ரத்தப் பரிசோதனை முடிவுக்கான அறிவிப்பு அதை ஆர்டர் செய்தவருக்குத்தான் போகும். ரத்தத்தில் லித்தியம் (மனநிலையைச் சீராக்கும் மருந்து) அளவு எடுக்கச் சொல்லிவிட்டு ரெசிடெண்ட் வேறு மருத்துவமனைச் சுழற்சிக்குப் போய்விட்டால், 1.6 என்று ஆபத்தான அளவில் வந்த முடிவு யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும்.

லித்தியத்தைச் சும்மா உதாரணத்துக்கு இழுக்கவில்லை. வி.ஏ. நோயாளிகளில் வயதானவர்கள் அதிகம். ரத்த அழுத்தத்துக்கு லிசினோபிரில், கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு, முட்டிவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுப்ரோஃபென். மூன்றுமே லித்தியத்தை உடம்பில் தங்க வைப்பவை. முதல் இரண்டும் மருந்துப் பட்டியலில் இருக்கும், மூன்றாவது இருக்காது. ரெசிடெண்டிடம் கேட்க வேண்டியது: வலிக்கு என்ன சாப்பிடுகிறார், ரத்தம் எடுத்தது கடைசி வேளை மருந்துக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்தா? காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து ரத்தம் கொடுத்தால் வரும் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பி.டி.எஸ்.டி. (போர் போன்ற கொடிய அனுபவத்துக்குப் பின் வரும் மனநோய்) மருந்துகளில் இன்னொரு சங்கிலி உண்டு. செர்ட்ராலின் கொடுக்கிறோம். பாலியல் சிக்கல் வருகிறது, அதற்கு முதன்மை மருத்துவர் சில்டெனாஃபில் எழுதுகிறார். கெட்ட கனவுக்கு ரெசிடெண்ட் பிராசோசின் சேர்க்கிறார். பிராசோசினும் சில்டெனாஃபிலும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். இரவில் கழிப்பறைக்கு எழுந்தவர் அங்கேயே சாய்வார். 1 மில்லிகிராமில், படுக்கப் போகும்போது தொடங்கி, அழுத்தம் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டிய மருந்து அது. பிராசோசின் வேலை செய்யுமா என்பதே ஒரு கதை. 304 முன்னாள் படைவீரர்களை வைத்து நடந்து 2018-இல் வெளியான ஆய்வில் அது போலி மருந்தைவிட மேலாக இல்லை. இருந்தும் வி.ஏ.வும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி, கெட்ட கனவுகளுக்கு அதை மென்மையாகப் பரிந்துரைக்கிறது. ரெசிடெண்டுக்கு இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்லிக்கொடுப்பதுதான் மேற்பார்வை. ‘வழிகாட்டியில் இருக்கிறது, எழுது’ என்பதோ ‘ஆய்வில் தோற்றுவிட்டது, நிறுத்து’ என்பதோ அல்ல.

அதே வழிகாட்டி பி.டி.எஸ்.டி.க்கு மருந்தைவிடப் பேச்சுச் சிகிச்சையை முன்னால் வைக்கிறது. சி.பி.டி. என்ற முறை (அதிர்ச்சி பற்றிய எண்ணங்களை அலசுவது) 12 அமர்வுகள். பி.இ. என்ற இன்னொரு முறை (தவிர்த்து வந்ததைப் படிப்படியாக எதிர்கொள்வது) 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. பென்சோடயசெபைன் (குளோனாசிபாம் போன்ற அமைதி மருந்து) வேண்டாம் என்கிறது. ஆனால் வியட்நாம் காலத்தவர் பலர் இருபது, முப்பது வருடமாக அதைச் சாப்பிட்டு வருகிறார்கள். புது ரெசிடெண்ட் பயந்துபோய்ப் பாதியாக வெட்டுவார், இல்லையென்றால் ‘முன்னால் இருந்தவர் கொடுத்தார்’ என்று அப்படியே புதுப்பிப்பார். இரண்டும் தவறு. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்ற வேகத்தில் இறக்கலாம், தேவையானால் நடுவே நிறுத்தி நிற்கலாம். மெதுவாகப் போனால் இது ஒரு வருடத்தையும் தாண்டலாம். ஒரு ரெசிடெண்ட் அந்தக் கிளினிக்கில் இருக்கும் காலமும் பெரும்பாலும் ஒரு வருடம்தான்.

தற்கொலை விஷயத்தில் வி.ஏ.வைக் குறை சொல்பவர்கள் அதன் கட்டமைப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் வெளியில் இவ்வளவு ஏற்பாடு எளிதில் பார்க்க முடியாது. திரையிடல் கேள்வியில் ‘ஆம்’ வந்தால் விரிவான மதிப்பீடு. அபாயம் அதிகம் என்று முடிவானால் பதிவேட்டைத் திறந்தவுடன் தெரியும் எச்சரிக்கைக் கொடி. கொடி ஏறிய முதல் 30 நாளில் குறைந்தது 4 சந்திப்பு, 90 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை. 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான தனி உதவி எண். 2017 முதல் ரீச் வெட் என்ற கணிப்பு முறை, பதிவேடுகளை அலசி, ஒவ்வொரு மருத்துவமனையிலும் அபாயம் மிகுந்த 0.1 சதவீதம் பேரின் பட்டியலை எடுத்துத் தருகிறது.

இத்தனை இருந்தும் 2022-இல் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். (இந்த எண்ணில் வி.ஏ. பக்கமே வராதவர்களும் அடக்கம்.) ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு துப்பாக்கியால். மாத்திரை விழுங்கியவரைக் காப்பாற்ற நேரம் கிடைக்கும், துப்பாக்கியில் அது கிடைப்பதில்லை. ஆகவே பாதுகாப்புத் திட்டத்தின் ஆறு பகுதிகளில் கடைசிப் பகுதியை, அதாவது சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குவதை, ரெசிடெண்ட் எப்படி நிரப்பியிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். ‘ஆயுதம் பற்றிப் பேசப்பட்டது’ என்று எழுதியிருந்தால் எதுவும் பேசவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது, தோட்டா அதோடு இருக்கிறதா தனியாகவா, பூட்டின் சாவி யாரிடம்: இது நான்கும் குறிப்பில் வர வேண்டும். வி.ஏ. இலவசமாகத் தரும் துப்பாக்கிக் கேபிள் பூட்டைக் கொடுத்தாரா என்பதும்.

கேட்கும் விதத்தையும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த ரெசிடெண்டுகளுக்குத் துப்பாக்கி என்றாலே போலீஸ் சமாச்சாரம். அந்தத் திகைப்பு முகத்தில் தெரிந்தால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். சிகிச்சைக்கு வந்தால் துப்பாக்கியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ‘வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறீர்களா’ என்பதைவிட, ‘மனசு மோசமாக இருக்கும் வாரங்களில் அதை எங்கே வைப்பது உங்களுக்கு நிம்மதி’ என்று கேட்டால் பதில் வரும். ராணுவத்தில் ஆயுதக் கிடங்குக்குப் பழகியவர்கள் அவர்கள். பூட்டி வைப்பது புதிய யோசனையே அல்ல.

ஊனச் சதவீதம் பற்றியும் ஒரு வார்த்தை. மனநல பாதிப்புக்கு 0, 10, 30, 50, 70, 100 என்ற படிகளில் மதிப்பிட்டு இழப்பீடு தருகிறார்கள். மதிப்பீடு செய்பவர் வேறு, சிகிச்சை தருபவர் வேறாக இருப்பதே நல்லது. ஆனாலும் நோயாளி கடிதம் கேட்பது ரெசிடெண்டிடம்தான். பி.டி.எஸ்.டி. அறிகுறிகளை அளக்கும், 20 கேள்விகள் கொண்ட பி.சி.எல்-5 மதிப்பெண் திடீரென்று ஏறினால், ‘பணத்துக்காக நடிக்கிறார்’ என்று ரெசிடெண்ட் சொல்லும் நாளும் வரும். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். குணமானால் வருமானம் குறையும் என்று பயப்பட வைக்கும் ஏற்பாட்டைச் செய்தவர் நோயாளி அல்ல. சிகிச்சைக் குறிப்பில் பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

இப்போது நேரக் கணக்குக்கு வருகிறேன். மருத்துவரின் வேலைநேரம் எத்தனை சதவீதம் சிகிச்சை, எத்தனை சதவீதம் கற்பித்தல், நிர்வாகம், ஆய்வு என்று வி.ஏ.வில் ஏட்டில் பிரித்து வைப்பார்கள். கற்பித்தல் என்று தாளில் 20 சதவீதம் இருக்கும். கிளினிக் அட்டவணையில் அந்த நேரத்திலும் நோயாளிகள் போடப்பட்டிருப்பார்கள். காத்திருப்பு நாட்கள் கூடினால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். மேற்பார்வை குறைந்தால் எந்தப் பலகையிலும் சிவப்பு விளக்கு எரியாது. எண்ணப்படுவதைத்தான் நிர்வாகம் கவனிக்கும். காத்திருப்பு நாட்களைக் குறைத்துக் காட்ட ரகசியப் பட்டியல் வைத்திருந்தது 2014-இல் ஃபீனிக்ஸில் வெளிவந்து, துறைச் செயலர் எரிக் ஷின்செகி பதவி விலகியது வரை போன கதை எல்லோருக்கும் தெரியும். எண் சரியாக இருந்தால் போதும் என்ற புத்தி அதோடு போய்விடவில்லை. இன்று அது கையெழுத்துகளில் இருக்கிறது.

அரை நாள் கிளினிக்கில் ஒரு அட்டெண்டிங்குக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று ரெசிடெண்டுகள். அந்த அரை நாளில் அட்டெண்டிங்கின் பெயரில் தனி நோயாளி ஒருவர்கூட இருக்கக் கூடாது. கிளினிக் முடிந்ததும் முக்கால் மணி நேரம் மேற்பார்வைக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட வேண்டும். இதைச் சேரும்முன் எழுத்தில் வாங்குங்கள். சேர்ந்தபின் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார்கள்.

எழுத்தில் வாங்க முடியாவிட்டாலும் ஜூன் கடைசி வாரத்தையாவது விட்டுக்கொடுக்காதீர்கள். ஜூலை 1 அன்று ரெசிடெண்டுகள் மாறுவார்கள், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு டாக்டர் மாறுவார். போகிறவர் ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் கேளுங்கள்: கொடி ஏறியவர்கள், லித்தியம் அல்லது குளோசபைன் (மனச்சிதைவுக்கான மருந்து) சாப்பிடுபவர்கள், பென்சோ குறைத்துக்கொண்டிருப்பவர்கள் (எந்தப் படியில் நிற்கிறார்கள்), ‘உங்களையும் மாற்றிவிட்டார்களா’ என்று கோபப்பட்டவர்கள். கையெழுத்தாகாத குறிப்புகளை அவர் எதிரிலேயே உட்கார்ந்து முடிக்க வையுங்கள். கணினியில் அவருடைய அறிவிப்புகளுக்குப் பதிலாளாக உங்கள் பெயரைப் போட வையுங்கள். அடையாள அட்டையை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.