‘சமத்தாக உட்கார்ந்திருக்கிறது’ என்ற செய்தி வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது

செல்லப்பிராணிக் காப்பகம் நடத்துகிறவர்களே, நாய்க்கும் பூனைக்கும் நீங்கள் செய்வதில் குறை காண வரவில்லை. ‘முயல், கினிப் பன்றி, ஹாம்ஸ்டரையும் பார்த்துக்கொள்வோம்’ என்று பலகையில் எழுதிவைத்துவிட்டு, (பின்னவை இரண்டும் எலி இனத்துச் சிறு பிராணிகள்) அவற்றைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்காமல் கல்லாவைத் திறந்துவைத்திருக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

என் முயலை ஒரு காப்பகத்தில் விட்டேன். பை நிறையக் காய்ந்த புல், என்ன தர வேண்டும் என்று எழுதிய தாள், மருத்துவரின் எண் எல்லாம் கூடவே கொடுத்தேன். மறுநாள் படம் வந்தது. கிண்ணம் நிறைய நறுக்கிய கேரட். புல் பை கட்டுக்கூட அவிழ்க்கப்படாமல் கூண்டுக்குப் பின்னால் கிடக்கிறது. தட்டில் ஒரு புழுக்கை இல்லை. முயல் முதுகைக் குறுக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, மூலையில். படத்துக்குக் கீழே, ‘சமத்தாக உட்கார்ந்திருக்கிறது!’

சமத்தாம்! வேட்டையாடப்படும் பிராணி நோவை வெளியே காட்டாது. காட்டினால் காட்டில் அதுதான் முதலில் பலி. முயல் அப்படிக் குறுகி உட்கார்ந்தால் பெரும்பாலும் வயிற்றுவலி என்று பொருள். அதன் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் தீனியில் 80 சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும் என்கிறார்கள். வாழ்நாள் முழுக்க வளர்கிற பற்கள் தேய்வதற்கும் அந்தப் புல்தான். கேரட் மிட்டாய்க்குச் சமம்; எப்போதாவது ஒரு துண்டு போதும். முயலால் வாந்தியெடுக்கவும் முடியாது. 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அவசர நிலை என்றுதான் கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாய் ஒரு வேளை சோற்றைத் தொடாமல் விடுவதும் இதுவும் ஒன்றா?

உடனே எழுதினேன். ‘தொந்தரவுக்கு மன்னிக்கவும். நேரம் கிடைக்கும்போது புல்லை எடுத்து வைத்து, புழுக்கை போடுகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?’ பொங்கி வந்ததையெல்லாம் அழித்து அழித்து எழுதிய வாக்கியம் அது. பதில் இப்படி வந்தது: ‘பல வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறோம் சார். நிம்மதியாக ஊர் சுற்றிவிட்டு வாருங்கள்.’ கூடவே ஒரு கட்டைவிரல் பொம்மை.

புழுக்கை உண்டா, இல்லையா? அதற்கு அனுபவச் சான்றிதழ் எதற்கு? தட்டை எட்டிப் பார்த்தால் முடிந்தது. சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, தகவல் கேட்டேன். அதையே குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

அடுத்த படத்தில் கூண்டுக்குள் ஒரு கினிப் பன்றியும் இருந்தது. ‘தனியாக இருந்தால் ஏங்கும் என்று துணைக்கு விட்டிருக்கிறோம். இரண்டும் நண்பர்களாகிவிட்டன.’ யாரைக் கேட்டு விட்டீர்கள்? முயலின் மூக்கில் சாதுவாகக் குடியிருக்கும் பார்டெடெல்லா என்ற கிருமி கினிப் பன்றிக்கு நிமோனியாவைக் கொண்டுவரக்கூடும். முயல் பின்காலால் ஓர் உதை விட்டால் கினிப் பன்றியின் எலும்பு தாங்காது. தீனியும் வேறு வேறு. மனிதனைப் போலவே கினிப் பன்றியின் உடலும் வைட்டமின் சி-யைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. நாள்தோறும் தீனியில் கிடைக்க வேண்டும். முயல் தீனியை நம்பினால் அது கிடைக்காது. (சிரியன் ஹாம்ஸ்டர்களுக்கும் இப்படித் துணை தேடுகிறவர்கள் உண்டு. வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடக்கூடும்.)

மறுபடியும் பணிவாக எழுதினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

அதற்குமேல் பொறுமை இல்லை. தொலைபேசியில் கத்தினேன். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். என்ன ஆச்சரியம்! அதுவரை யாருக்கும் இல்லாத நேரம் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. புல் பை அவிழ்ந்தது, கூண்டு பிரிந்தது, வண்டி வந்தது, முயல் மருத்துவரிடம் போனது. வலிக்கு மருந்து கொடுத்து, நீரேற்றி, ராத்திரி நாலு புழுக்கை விழுந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ‘இந்தக் காலத்து வாடிக்கையாளர்களுக்கு மரியாதையே இல்லை’ என்று உரிமையாளர் பிற்பாடு யாரிடமோ அலுத்துக்கொண்டாராம். மரியாதையாகக் கேட்ட இரண்டு செய்திகளும் உங்கள் தொலைபேசியில்தானே கிடக்கின்றன ஐயா?

முயலைத் திரும்ப எடுத்துவரும்போது அந்தக் கினிப் பன்றியைப் பற்றிக் கேட்டேன். மருத்துவரிடம் காட்டினீர்களா, அதன் வீட்டாருக்குச் சொன்னீர்களா என்று. பில்லிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் வந்தது: “அது வேறு ஆளுடையது சார். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லையே.”