பத்தரை மணிக்கு மட்டும் எட்டிப் பார்க்கும் செயற்கைக்கோள்

கொசஸ்தலை ஆற்றின் நீர்ப்பிடிப்பையும் (மழைநீர் வடிந்து ஆற்றுக்கு வரும் பரப்பு) எண்ணூர் கழிமுகத்துப் பறவைகளையும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஒரே வரைபடத்தில் பொருத்திப் பார்க்கும் ஆராய்ச்சி மாணவியைப் பற்றிப் படித்தேன். எனக்குக் காட்டுக்குப்பம் பக்கம்தான் வீடு. நல்ல வேலை, வாழ்த்துகள் மா. ஆனால் ஒன்று.

செண்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஆக நுணுக்கமான ஒரு புள்ளியே தரையில் 10 மீட்டர் அகலம். அது நம் தலைக்கு மேல் வருவது எப்போதும் காலை பத்தரை வாக்கில். கழியில் அந்த நேரத்துக்கு ஒரு நாள் கடல் ஏற்றம் இருக்கும், இன்னொரு நாள் வற்றம். வற்றத்தில் சேற்றுத்திட்டு வெளியே தெரியும், உள்ளான்கள் அலகை விட்டுக் குத்திக்கொண்டு நிற்கும். ஏற்றத்தில் அதே இடம் வெறும் தண்ணீர். ஓத நேரத்தை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரத்தை, சேர்த்துப் பார்க்காவிட்டால் திட்டே அழிந்துபோனதாகக் கணினி சொல்லிவிடும். எங்கள் மாமாவிடம் கேட்டால் நிலாவைப் பார்த்தே சொல்வார், அது வேறு கதை.

அப்புறம் நீர்ப்பிடிப்பு எல்லை. தரையின் உயரத்தை வைத்துக் கணினி போடும் கோடு அது. மேலே ஆந்திர மலைப்பக்கம் சரியாக விழும். இங்கே தரை தட்டை. 2000-ல் விண்ணோடத்திலிருந்து எடுத்த உயரத் தரவில் சில மீட்டர் பிழை இருந்தாலே போதும், தண்ணீர் ஆற்றுக்குப் போகிறதா பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறதா என்று குழம்பிவிடும். அதற்குப் பிறகு கொட்டிய சாம்பல் மேடும் ரோட்டுக்கு அடியில் புதைத்த குழாயும் அதில் கிடையாது.

2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவில் கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். அந்த மாதப் படங்களையும் எடுத்துக்கொண்டீர்களா, இல்லை மேகம் என்று தள்ளிவிட்டீர்களா?