தொடாதே, தட்டாதே, ஓடாதே

இசைக்கருவி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் நாள் முழுக்க நம் வாயில் வருவது ஒரே வார்த்தை: தொடாதே! மூன்று வயதுக் குழந்தையின் முன்னால் அத்தனை பெரிய முரசை வைத்துவிட்டுத் தட்டாதே என்றால் அது என்னதான் செய்யும்?

பழைய கருவிகளைத் தொடக்கூடாதுதான். விரல் வியர்வையில் இருக்கும் உப்பு கம்பியை அரித்துவிடும், ஈரப்பதம் மாறினாலே மரம் விரிசல் விடும். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள் அடித்துப் பார்க்க நாலு புது மேளம் தனியாக வைத்தால் என்ன குறைந்துவிடும்? வைத்திருக்கும் இடத்திலும் பாருங்கள், மேளத்தில் தோல் கிழிந்திருக்கும். சைலஃபோனில் பாதிக் கட்டை இருக்காது. குச்சியைக் கயிற்றில் கட்டியிருப்பார்கள், அது கடைசிக் கட்டை வரை எட்டாது.

ஹெட்ஃபோன் இன்னொரு கொடுமை. எல்லாம் பெரியவர்கள் தலைக்கு. குழந்தைக்கு மாட்டினால் நேராகக் கழுத்துக்கு இறங்கிவிடும். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும், அதற்குள் சின்னவன் ஹார்ப் பக்கம் ஓடியிருப்பான். 47 கம்பிகளைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்குக் கை சும்மா இருக்கும்?

பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே குட்டிச் சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிற விஷயமே அதுதான். அதைப் போய் மூடி வைத்திருக்கிறார்கள்!

இதில் காவலரின் அதட்டல் வேறு, சத்தம் போடக்கூடாதாம். இசைக்கென்றே கட்டிய கட்டடத்தில் ஒரு குழந்தை வாய்விட்டுப் பாடக்கூடாதா?